கையெழுத்துக்கு முன் ஒரு விளக்கம்: மருத்துவ அலட்சியமும் இழப்பீடும்

பாட்டியோ தாத்தாவோ மருத்துவமனைக்குப் போகும்போது கூடவே போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்குவார். பாட்டிக்கு அதில் பாதிதான் புரியும். நம் பக்கம் திரும்பி, “டாக்டர் என்னா சொல்றாரு?” என்று கேட்பார். மருத்துவர் ஐந்து நிமிடம் பேசியதை நாம் ஒரே வரியில் முடித்துவிடுவோம்: “ஒன்னும் இல்ல பாட்டி, சின்ன ஆபரேஷன்தானாம்.” பிறகு ஒரு படிவம் வரும். பாட்டி கையெழுத்துப் போடுவார்.

அந்த ஐந்து நிமிடத்தில் நாம் விட்டுவிட்டது என்ன? எந்தெந்தச் சிக்கல்கள் வரலாம், அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றால் வேறு என்ன வழி இருக்கிறது என்றெல்லாம் மருத்துவர் சொல்லியிருப்பார். பாட்டி பயந்துவிடுவாரே என்று நல்லெண்ணத்தில்தான் அவற்றை விட்டோம். ஆனால், மருத்துவ அலட்சிய வழக்குகள் பலவும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் அதுதான். நோயாளிக்கு என்ன சொல்லப்பட்டது? எது சொல்லப்படவில்லை?

இத்தகைய வழக்குகள் பற்றிய செய்தி வரும்போது நம் கண் முதலில் தொகையில் போய் நிற்கிறது. ‘இத்தனை லட்சம் ரிங்கிட்டா!’ என்று வியக்கிறோம். அந்தத் தொகை எப்படி வந்தது, அது கைக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆயின, பாதிக்கப்பட்டவர் உண்மையில் கேட்டது பணம்தானா என்பதையெல்லாம் நாம் கேட்பதில்லை. மாணவர்களே, நாளை நோயாளியாகவோ மருத்துவராகவோ தாதியாகவோ வழக்கறிஞராகவோ நிற்கப்போகிறவர்கள் நீங்கள். அதனால் இந்தக் கேள்விகள் உங்களுக்கும் உரியவை.

இருபத்து நான்கு ஆண்டுகள்

1982ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் நாட்டில் நடந்த ஒரு சாலை விபத்தில், காரில் பயணம் செய்த ஒரு பெண்ணின் கழுத்தெலும்பு இடம்பெயர்ந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. எலும்பை நிலைநிறுத்தக் கம்பி பொருத்தப்பட்டது. அதன் பிறகு அவருடைய உடல் செயலிழந்தது. முதுகுத்தண்டு நரம்பைக் கம்பி அழுத்தியதே காரணம் என்பது வழக்கு. மறுபடியும் அறுவைச் சிகிச்சை செய்து கம்பியை எடுத்தும் பழைய நிலை திரும்பவில்லை.

அவர் நீதிமன்றத்தை நாடினார். உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில், 2006 டிசம்பர் 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. விபத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 24 ஆண்டுகள். அந்த விபத்து நடந்த நாளில் பிறந்த குழந்தை ஒன்று பள்ளியை முடித்து, பட்டமும் பெற்று, வேலைக்குப் போயிருக்கும்.

மலேசிய மருத்துவச் சட்டம் படிக்கும் எவரும் தவிர்க்க முடியாத வழக்கு இது. ஏன் என்பதைப் பார்க்கும் முன், அலட்சியம் என்று சட்டம் எதைச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

கெட்ட விளைவெல்லாம் அலட்சியமா?

இல்லை. பலரும் தடுமாறும் இடம் இதுதான். சிகிச்சை பலிக்காமல் போனால், நோயாளி இறந்தே போனாலும்கூட, அதை வைத்து மட்டும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு பெனிசிலின் ஊசி போடுகிறார்கள். அவருக்கு ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகிறது. அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது இதற்கு முன் யாருக்கும், அவருக்குமே தெரியாது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் ஊசி போட்டார்கள், ஒவ்வாமை தெரிந்ததும் உடனே கவனித்தார்கள் என்றால் அது துரதிர்ஷ்டம். அதே நோயாளியின் கோப்பில் ‘பெனிசிலின் ஒவ்வாமை’ என்று முன்பே எழுதியிருந்தும், யாரும் அதைப் பார்க்காமல் ஊசி போட்டிருந்தால்? அது அலட்சியம். இரண்டிலும் உடலுக்கு நேர்ந்த துன்பம் ஒன்றே. சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு.

எனவே, இழப்பீடு கேட்பவர் மூன்று படிகளை ஏற வேண்டும். முதலாவது, மருத்துவருக்கு அந்த நோயாளியைக் கவனிக்கும் கடமை இருந்தது என்று காட்ட வேண்டும். இது பெரும்பாலும் எளிது. இரண்டாவது, அந்தக் கடமையில் அவர் தவறினார் என்று காட்ட வேண்டும். மூன்றாவது, அந்தத் தவறினால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்று காட்ட வேண்டும். பலர் வழுக்கி விழுவது மூன்றாவது படியில்தான். ‘தவறு நடந்தது உண்மை, ஆனால் அது நடக்காமல் இருந்திருந்தாலும் நோய் அவரை இந்த நிலைக்குத்தான் கொண்டுவந்திருக்கும்’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். குற்றவியல் வழக்கைப் போல இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனால் அதைக் காட்டவும் இன்னொரு மருத்துவர் நிபுணராக வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டு அளவுகோல்கள்

இரண்டாவது படியில் ஒரு கேள்வி எழுகிறது. மருத்துவர் கடமையில் தவறினாரா என்பதை எந்த அளவுகோலால் அளப்பது?

1954இல் இங்கிலாந்தில் ஒரு மனநோயாளிக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை தரப்பட்டது. தசைகளைத் தளர்த்தும் மருந்து தராததால் உடல் துள்ளி அவருக்கு எலும்புகள் முறிந்தன. அந்த மருந்தைத் தர வேண்டுமா, வேண்டாமா என்பதில் அன்று மருத்துவர்களிடையே இரு கருத்துகள் இருந்தன. பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு தரப்பினர் சரியென ஏற்கும் முறையில் ஒருவர் நடந்திருந்தால் அவர் அலட்சியமாக நடந்தார் என்று சொல்ல முடியாது என்பதே 1957இல் அந்த வழக்கில் பிறந்த விதி. நோயாளியின் பெயரால் ‘போலாம் சோதனை’ என்று அது உலகெங்கும் பரவியது. சுருக்கமாகச் சொன்னால், மருத்துவரை அளக்கும் கோல் மருத்துவர்கள் கையிலேயே இருந்தது.

1992இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் வேறொரு கோலை எடுத்தது. சிறுவயதிலேயே ஒரு கண்ணில் பார்வையை ஏறக்குறைய இழந்திருந்த ஒரு பெண், அந்தக் கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நல்ல கண்ணுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று அவர் ஓயாமல் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிகிச்சையால் நல்ல கண்ணும் பாதிக்கப்படும் ஆபத்து 14,000இல் ஒன்று. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. அந்த ஒன்று இவராகவே அமைந்துவிட்டது. நல்ல கண்ணின் பார்வையும் போனது. அறுவைச் சிகிச்சை திறமையாகவே செய்யப்பட்டிருந்தது. ஆனாலும் மருத்துவர் பொறுப்பாளி என்றது நீதிமன்றம். ஆபத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்பதை மற்ற மருத்துவர்களின் வழக்கத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது; அந்த நோயாளியின் நிலையில் இருப்பவருக்கு எது முக்கியமாகப் படும் என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

2006இல் நம் கூட்டரசு நீதிமன்றம், ஆபத்துகளை எடுத்துச் சொல்லும் கடமைக்கு இந்த ஆஸ்திரேலிய அளவுகோலை ஏற்றது. அதனால்தான் அந்தத் தீர்ப்பு ஒரு திருப்புமுனை. பிறகு 2017இல் அதே நீதிமன்றம் எல்லையை இன்னும் தெளிவாக்கியது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை அளிப்பதிலும் போலாம் சோதனை தொடரும். ஆனால் மருத்துவர்களின் கருத்து தர்க்கத்துக்குப் பொருந்துகிறதா என்று நீதிமன்றம் ஆராயலாம். ஆபத்தைச் சொல்வதில் நோயாளியின் பக்கம் நின்று பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரும் 2017இல் நோயாளியின் பக்கம் சாய்ந்தது. ஆனால் மருத்துவர்களிடையே கவலை எழுந்ததால், 2022 ஜூலை முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், ஆலோசனை சொல்வதையும் சக மருத்துவர்களின் கருத்தைக் கொண்டே அளக்கச் செய்தது. அந்தக் கருத்து, நோயாளி முடிவெடுக்கத் தேவையான தகவலைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை கண்டிருக்கின்றன. விவாத மேடைக்கு நல்ல தலைப்பு இது.

இழப்பை எப்படி எண்ணுகிறார்கள்?

இழப்பீடு என்பது தண்டனை அல்ல. தவறு நடக்காதிருந்தால் ஒருவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, அந்த நிலைக்குப் பணத்தால் முடிந்தவரை அவரைக் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். ஏற்கெனவே செலவழித்த தொகை ரசீதுகளோடு கணக்கிடப்படும். வலிக்கும் வேதனைக்கும், இழந்த உறுப்புக்கும் ஒரு தொகை வரும். இனி வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் பராமரிப்பு, மருந்து, சக்கர நாற்காலி, பராமரிப்பாளரின் சம்பளம் ஆகியவை தனியாகச் சேரும். பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் வழக்குகளில் தொகை பெரிதாக இருப்பதற்கு இந்தப் பராமரிப்புச் செலவே முக்கியக் காரணம்.

இழந்த வருமானத்துக்கு 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டம் ஒரு வாய்ப்பாடே வைத்திருக்கிறது. சம்பாதித்துக்கொண்டிருந்தவரின் வயது பாதிக்கப்பட்டபோது 30 அல்லது அதற்குக் குறைவு என்றால், ஆண்டு இழப்பை 16ஆல் பெருக்குவார்கள். மாதம் 2,000 ரிங்கிட் இழக்கும் 22 வயது இளைஞரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000. அதை 16ஆல் பெருக்கினால் 384,000 ரிங்கிட். 60 வயது வரை அவருக்கு 38 ஆண்டுகள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். பணம் மொத்தமாக இப்போதே கைக்கு வருகிறது, வாழ்க்கையில் வேறு ஏற்ற இறக்கங்களும் வரக்கூடும் என்பதால் குறைத்துக் கணக்கிடுகிறார்கள்.

உயிரே போய்விட்டால்? உறவினரை இழந்த துயரத்துக்கென்று சட்டம் நிர்ணயித்த தொகை முன்பு 10,000 ரிங்கிட். 2019 செப்டம்பர் முதல் அது 30,000 ரிங்கிட். இறந்தவரை நம்பியிருந்தோருக்கான இழப்பு தனிக் கணக்கு. ஆனாலும் துயரத்துக்கு விலை வைக்க முயலும்போது சட்டம் எவ்வளவு தடுமாறுகிறது என்பதை இந்த எண் காட்டுகிறது.

நிற்காத கடிகாரம்

தீபகற்ப மலேசியாவில் தனியார் மருத்துவமனை மீதோ மருத்துவர் மீதோ அலட்சியத்துக்காக வழக்குத் தொடுக்கப் பொதுவாக 6 ஆண்டுகள் அவகாசம். அரசாங்க மருத்துவமனை என்றால் 36 மாதங்கள்தான். பலருக்கு இந்த வேறுபாடே தெரியாது. சிங்கப்பூரில் உடல் பாதிப்பு வழக்குகளுக்கு 3 ஆண்டுகள்.

மருத்துவமனைக்குப் புகார்க் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. புகார் கொடுத்ததால் இந்தக் கடிகாரம் நின்றுவிடாது. மலேசிய மருத்துவ மன்றத்திடம் புகார் செய்வதும் அப்படித்தான். மன்றம் மருத்துவரைக் கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பதிவிலிருந்தே நீக்கலாம். இழப்பீடு வாங்கித் தருவது அதன் வேலை அல்ல. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்றால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவையை விலக்கி வைத்திருக்கிறது. பழுதான கைப்பேசிக்குத் திறந்திருக்கும் கதவு, பழுதான சிகிச்சைக்குத் திறப்பதில்லை.

மிஞ்சுவது நீதிமன்றம். 10 லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம். அதற்கு மேல் உயர்நீதிமன்றம். வென்றால் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வதை நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே, தோற்றாலும் செலவு செலவுதான். நிபுணர் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். நியாயம் இருந்தும் வசதி இல்லாதவர் பாதியில் நின்றுவிடுவதில் வியப்பில்லை.

யார் கொடுப்பது?

அரசாங்க மருத்துவமனையில் நடந்த தவறுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கிறது. அதாவது, அந்தப் பணம் வரி செலுத்தும் நம் எல்லாருடைய பணம். தனியார் துறையில் நிலைமை வேறாக இருந்தது. ‘இந்த மருத்துவர் எங்கள் ஊழியர் அல்லர், எங்கள் கட்டடத்தில் தனியாகத் தொழில் செய்பவர்’ என்று மருத்துவமனை விலகிக்கொள்ள முடிந்தது. நோயாளியோ பெயர்ப்பலகையை நம்பித்தான் உள்ளே போகிறார். 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்க மறுத்தது. நோயாளியைக் கவனிக்கும் கடமையைத் தனியார் மருத்துவமனை வேறொருவர் தலையில் கட்டிவிட்டுத் தப்ப முடியாது என்றது. பெயர்ப்பலகைக்கு ஒரு பொறுப்பு வந்தது.

மருத்துவரின் பக்கம்

இதுவரை நோயாளியின் பக்கம் நின்று பார்த்தோம். எதிர்ப்பக்கத்திலும் ஒரு மனிதர் இருக்கிறார். வழக்குப் பயம் மருத்துவரை மாற்றிவிடும். தேவையில்லாத பரிசோதனைகளை எழுதிக் கொடுப்பார். சிக்கலான நோயாளியைத் தொடத் தயங்குவார். அந்தக் கூடுதல் செலவு நம் தலையில்தான் விழும்.

சிங்கப்பூரில் 2019இல் நடந்தது இதற்குச் சான்று. மணிக்கட்டில் போட்ட ஓர் ஊசியின் பக்க விளைவுகளைச் சொல்லவில்லை என்பதற்காக ஓர் எலும்பு மருத்துவருக்கு ஜனவரியில் ஒழுங்கு நடவடிக்கையாக 100,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மருத்துவர்கள் கொதித்தார்கள். ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. கவனிப்பில் ஏற்படும் ஒவ்வொரு குறையும் தொழில் ஒழுக்கக் கேடாகிவிடாது என்பது அது விட்டுச்சென்ற பாடம்.

ஆக, பயத்தால் வாய் மூடும் மருத்துவர் ஒரு புறம். காரணம் தெரியாமல் தவிக்கும் குடும்பம் மறுபுறம். ‘மன்னிக்கவும், இப்படி ஆகிவிட்டது’ என்று மருத்துவர் சொன்னால் அதுவே தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சம். அவர் பேசாததால் குடும்பத்தின் சந்தேகம் வளர்கிறது. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளவே வழக்குப் போட வேண்டிய நிலை வருகிறது. விளக்கம் கேட்டுப் போனவருக்கு, பல ஆண்டுகள் கழித்துப் பணம் கிடைக்கிறது. சிலருக்கு அதுவும் கிடைப்பதில்லை. நம் அமைப்பின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து.

வேறு வழி உண்டா?

நியூசிலாந்து 1974 முதல் வேறு பாதையில் போகிறது. சிகிச்சையால் பாதிக்கப்பட்டவர் யார் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வரியாலும் கட்டாயச் சந்தாவாலும் நடக்கும் பொது நிதியிலிருந்து சிகிச்சைச் செலவும், வருமானத்தில் 80 விழுக்காடு வரையிலும் கிடைக்கும். பதிலுக்கு, இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். விரைவு உண்டு, ஆனால் பெருந்தொகை கிடையாது. அவ்வளவு பெரிய நிதியைத் திரட்டுவது எல்லா நாட்டுக்கும் எளிதும் அல்ல.

இன்னொரு வழிக்குச் செலவே இல்லை. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. ஹாங்காங்கும் 2017இல் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவர் பயமின்றிப் பேச முடிந்தால், குடும்பத்துக்கு விளக்கம் விரைவில் கிடைக்கும். உண்மையான அலட்சியம் என்றால் இழப்பீட்டுப் பேச்சும் அங்கிருந்தே தொடங்கலாம். நாமும் யோசிக்க வேண்டிய பாதை இது.

மீண்டும் அந்தப் படிவம்

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். 18 வயது நிறைந்ததும் ஒப்புதல் படிவத்தில் நீங்களே கையெழுத்துப் போடுவீர்கள். அதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஏன் இந்தச் சிகிச்சை? என்னென்ன ஆபத்து, எவ்வளவு வாய்ப்பு? வேறு வழி உண்டா? ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? பதில்களைத் தேதியோடு குறித்து வையுங்கள். ரசீதுகளையும் மருந்துச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஏதேனும் தவறாகப் போனால் மருத்துவ அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி எதுவும் கேட்க முடியாது என்று நினைக்காதீர்கள். சிகிச்சைக்குத்தான் ஒப்புதல் கொடுத்தீர்கள்; அலட்சியத்துக்கு அல்ல.

அடுத்த முறை பாட்டியோடு போகும்போது, மருத்துவர் பேசும் வேகம் அதிகமாக இருந்தால் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொல்லுங்கள். மருத்துவச் சொற்கள் புரியவில்லை என்றால் மொழிபெயர்க்கத் தெரிந்த தாதி யாரேனும் இருக்கிறாரா என்று கேளுங்கள். ‘ஒன்னும் இல்ல பாட்டி’ என்று முடித்துவிடாமல், ஆபத்தையும் சேர்த்தே தமிழில் சொல்லுங்கள். அவர் பயப்படலாம். இரண்டு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். உடல் அவருடையது, முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.